ஏரியைக் காக்க ஊரும் ஊராட்சியும் கைகோர்ப்போம்

(ஏரிப் பாசன விவசாயிகளுக்கான பயிற்சி நாளில் உழவியல் துறை விரிவுரையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெல்லுக்கு எப்போது களை எடுப்பது, மேலுரம் எத்தனை தடவையாகப் பிரித்து இடுவது என்று பேச வேண்டிய உழவியல்காரன், ஊராட்சியையும் கிராம சபையையும் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல விதை வாங்குகிறோம். விதை நேர்த்தி செய்கிறோம். மண் ஆய்வுப்படி உரம் இடுகிறோம். இத்தனையும் செய்தபின், கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் ஒரே ஒரு தண்ணீர் கிடைக்காமல் போனால் மணி பதராகிறது. செலவு செய்த பணம் வைக்கோலாகத்தான் வீடு வருகிறது. அந்த ஒரு தண்ணீர் ஏரியில் இருக்க வேண்டும். ஏரி நன்றாக இருக்க வேண்டுமென்றால் ஊர் மக்களும் உள்ளாட்சியும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஆகவே இதுவும் உழவியலைச் சேர்ந்த செய்திதான்.

ஏரி யாருடையது?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. தென் மாவட்டங்களில் இவற்றைக் கண்மாய் என்போம். 40 எக்டருக்கு மேல், அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளன. அதற்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. ஊருணி, குட்டை, குளங்களைப் பெரும்பாலும் கிராம ஊராட்சி கவனிக்கிறது. எல்லையும் புலப்படமும் வருவாய்த்துறையிடம் இருக்கின்றன.

இப்படிப் பொறுப்பு பிரிந்து கிடப்பதால், மதகு ஒழுகினால் யாரிடம் போவது என்றே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் ஏரி யாருடைய பதிவேட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் ஒரு முறை கேட்டு, நீர்ப்பரப்பு எவ்வளவு, ஆயக்கட்டு எவ்வளவு, வரத்துக்கால் எந்தெந்தப் புல எண் வழியாக வருகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் எல்லா வேலைக்கும் அந்த ஒரு பக்கம் உதவும்.

எங்கள் ஊரில் கற்ற பாடம்

இனி என் ஊர்க் கதையைச் சொல்கிறேன். இதில் என் தவறும் உண்டு.

எங்கள் கண்மாய்க்கு 85 ஏக்கர் ஆயக்கட்டு. எங்கள் வயல் கடைமடையில் ஒன்றரை ஏக்கர். 2012ஆம் ஆண்டில் நான் முதுநிலை வேளாண்மை படித்துக்கொண்டிருந்தேன். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் காடாக மண்டியிருந்தது. விடுமுறைக்கு வந்தபோது ஊர் இளைஞர்களிடம், "நீங்களே இறங்கி வெட்டுங்கள், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்" என்று பேசிவிட்டுப் போனேன். இருபது பேர் மூன்று ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு இறங்கினார்கள். பாதிக் கண்மாய் சுத்தமானது. நான்காம் வாரம் ஊராட்சியிலிருந்து ஆள் வந்தது. பொது இடத்து மரத்தை ஏலம் விடாமல் வெட்டியது யார், விறகு எங்கே போயிற்று என்று கேட்டார்கள். விறகை யாரும் விற்கவில்லை. ஆனால் அதைக் காட்டக் கணக்கு இல்லை. நல்லது செய்யப் போய்த் திருட்டுப் பெயர் வாங்கினோம் என்று இளைஞர்கள் அரிவாளைப் போட்டுவிட்டார்கள். வேரோடு தோண்டாமல் தரைமட்டத்தில் வெட்டிய கட்டைகள் அத்தனையும் அடுத்த மழைக்கு முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டன. கேட்டுவிட்டுச் செய்யுங்கள், வேரோடு எடுங்கள் என்று சொல்லாமல் விட்டவன் நான்தான்.

மறு ஆண்டு கோடையில் உள்ளாட்சி தன் பங்குக்குத் தூர் வாரியது. இம்முறை ஆயக்கட்டுக்காரர்கள் யாரையும் கேட்கவில்லை. இயந்திரம் வந்தது. லாரி வர வசதியான ஓரத்தில் ஆழமாக மூன்று பள்ளம் தோண்டினார்கள். வரத்துக்காலைத் தொடவே இல்லை. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை குறைந்தது. வந்த தண்ணீர் பள்ளத்தில் போய்த் தங்கியது. மதகின் அடிமட்டம் மேலே, தண்ணீர் கீழே. 2014 ஜனவரியில் பயிர் பால் பிடிக்கும்போது கண்மாயில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் மதகு வழியே ஒரு சொட்டு வரவில்லை. தலைமடைக்காரர்கள் எண்ணெய் இயந்திரம் வைத்து இறைத்துக்கொண்டார்கள். எங்கள் ஒன்றரை ஏக்கரிலும் அதை ஒட்டிய வயல்களிலும் அறுவடைக்கு ஆள் விடவில்லை. மாட்டை விட்டு மேய்த்தோம். என் தந்தையார் அன்று என்னைப் பார்த்து, "படித்தவன் சொன்னதும் பலிக்கவில்லை, பணம் ஒதுக்கியதும் பலிக்கவில்லை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவர் சொன்னதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இளைஞர்களிடம் கை இருந்தது, அதிகாரம் இல்லை. உள்ளாட்சியிடம் அதிகாரமும் பணமும் இருந்தன, கண்மாய் எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் ஒழுக்கு என்று தெரிந்த நீர்க்கட்டியின் அறிவு இல்லை. இரு தரப்பாரும் நல்லதுதான் செய்ய நினைத்தார்கள். தனித்தனியாகச் செய்ததால் இரண்டும் வீணாயின.

2014 ஆகஸ்ட் 15 கிராம சபையில் தந்தையார் உட்பட ஒன்பது ஆயக்கட்டுக்காரர்கள் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். குறை சொல்லி எழுதவில்லை. "வரத்துக்கால் 1,200 மீட்டரையும் நாங்கள் சுத்தம் செய்கிறோம். ஊராட்சி எல்லையை அளந்து தர வேண்டும். மதகுக் கதவைப் பழுது பார்த்துத் தர வேண்டும். சீமைக்கருவேலத்தை ஏலம் விட்டு வேரோடு எடுக்க வேண்டும். கணக்கைச் சபையில் படிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். தாம் செய்வதை முதலில் எழுதியதால் மறுத்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. அது தீர்மானமாகப் பதிவாயிற்று. 2015 கோடையில் வேலை நடந்தது. அவ்வாண்டுப் பெருமழையில் கண்மாய் நிறைந்து மறுகால் போயிற்று. முறை வைத்து இரவுக் காவல் இருந்ததால் கரை தப்பியது.

2016ஆம் ஆண்டில் மழையே பொய்த்தது. எந்தத் தீர்மானமும் மழையைக் கொண்டு வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் முதல் 2019 இறுதி வரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்கள் இல்லை. தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தார்கள். தலைவரை நம்பி மட்டும் வேலை நடந்திருந்தால் அதோடு நின்றுபோயிருக்கும். தீர்மான நகல் கையில் இருந்ததால் புதிதாக வந்த அலுவலரிடம் அதைக் காட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. பதவியில் இருப்பவர் மாறுவார். எழுதியது நிற்கும்.

முன்னோர் காட்டிய வழி

இது புதிய வழியும் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச் சபையில் ஏரிக்கென்று தனியாக ஏரி வாரியம் இருந்ததைச் சொல்கிறது. ஊரார் ஆண்டுதோறும் கூடிக் கரை போட்டு வரத்துக்காலைச் சீர்செய்த முறையைக் குடிமராமத்து என்றோம். ஆங்கிலேயர் அதை 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கட்டாய வேலையாக்கினார்கள். கட்டாயமானபோது மனம் போயிற்று, மனம் போனபின் வழக்கமும் தேய்ந்தது. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தபோது, பாசனம் பெறுவோரும் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பங்கு தர வேண்டும் என்று வைத்தது அந்தப் பழைய வழக்கத்தை நினைத்துத்தான்.

வேடந்தாங்கலைப் பாருங்கள். அந்த ஏரியில் வந்து தங்கும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர் மக்கள் ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798ஆம் ஆண்டில் அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுத்தாகவே கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரத் தண்ணீர் என்பது அம்மக்களுக்குத் தெரியும். ஆகவே பறவையைக் காப்பது அவர்களுக்குத் தம் பயிரைக் காப்பதாகவே இருந்தது. ஊருக்கு ஆதாயம், கையில் ஓர் எழுத்து, காக்கும் மனம். இம்மூன்றும் சேர்ந்ததால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் காவல் நிற்கிறது. 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது.

ஆறு கிராம சபைகள், ஆறு வேலைகள்

இன்று நமக்கு அந்த எழுத்தைத் தரும் இடம் கிராம சபை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபைக்கென வகுக்கப்பட்டுள்ளன. அந்த நாட்களை ஏரியின் ஆண்டோடு பொருத்திப் பார்த்தால் ஒரு வேலைத்திட்டமே கிடைத்துவிடும்.

ஜனவரி 26: சம்பா அறுவடைக் காலம். எந்த மடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பது எல்லோர் மனத்திலும் பசுமையாக இருக்கும். எல்லை அளவீடு, மதகுப் பழுது, வண்டல் எடுக்க அனுமதி ஆகிய மூன்றையும் இக்கூட்டத்தில் தீர்மானமாகக் கேளுங்கள். கோடைக்குள் உத்தரவு வர அவகாசம் வேண்டும்.

மார்ச் 22: ஏரி வற்றும் நேரம். எங்கே வண்டல் எடுப்பது, எவ்வளவு ஆழம், யார் யார் வயலுக்கு என்ற பட்டியலைச் சபையில் படியுங்கள்.

மே 1: வேலை பாதியில் இருக்கும். எத்தனை டிராக்டர் மண் போயிற்று, மர ஏலத்தில் எவ்வளவு வந்தது என்று கணக்குக் கேளுங்கள். உங்கள் சங்கத்தின் கணக்கையும் நீங்களே படியுங்கள். கேட்பவர் கணக்கும் திறந்திருந்தால்தான் கேள்விக்கு மதிப்பு.

ஆகஸ்ட் 15: வரத்துக்கால் சுத்தம் செய்ய நாள் குறிக்கும் கூட்டம். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் குப்பையும் அடைத்த காலில் மழைத் தண்ணீர் ஏரிக்கு வராமல் ஊருக்குள் புகும்.

அக்டோபர் 2: பருவமழைக்கு முன் கடைசிச் சோதனை. மணல் மூட்டை, சவுக்குக் கழி எங்கே இருக்கிறது, கரைக்காவலுக்கு யார் யார் முறை என்று முடிவு செய்யுங்கள். "குளம் உடைந்து போகும்போது முறை வீதமா?" என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆகவே முறையை முன்னதாகவே பேசி வைக்க வேண்டும்.

நவம்பர் 1: மழை நடுவில் இருப்போம். நீர்மட்டத்தைச் சபைக்குத் தெரிவித்து, மதகு திறக்கும் நாளையும் முறைப்பாசனத்தையும் பேசி முடியுங்கள்.

வண்டல் எடுப்பதில் கவனம்

என் பாடத்துக்கு வருகிறேன். ஒரு சிறு கணக்கு. 10 எக்டர் நீர்ப்பரப்பில் சராசரியாக 10 செ.மீ. வண்டலை எடுத்தால் 10,000 கன மீட்டர் மண் வெளியேறும். அதே அளவு தண்ணீருக்கு இடம் கிடைக்கும். ஒரு ஏக்கர் நெல் வயலில் 5 செ.மீ. தண்ணீர் கட்ட ஏறத்தாழ 200 கன மீட்டர் வேண்டும். ஆகவே வழியில் கசிவதையும் ஆவியாவதையும் கழிக்காமல் பார்த்தால், 50 ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும். பால் பிடிக்கும் பருவத்தில் அந்த ஒரு தண்ணீரின் விலை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்துள்ளது. 2024இல் விதி எளிமையாக்கப்பட்டு, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று ஆயிற்று. அனுமதிக்கப்பட்ட அளவு நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர். 75 கன மீட்டர் என்பது ஒரு ஏக்கரில் பரப்பினால் 2 செ.மீ. கனத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் மாவட்ட அரசிதழில் வெளியான பட்டியலில் உள்ள ஏரிகளில் மட்டுமே எடுக்கலாம். உங்கள் ஏரி அப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுவது சங்கமும் ஊராட்சியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

மண் எடுக்கும்போது மூன்று செய்திகளை மறவாதீர்கள். கரையின் அடிவாரத்தைத் தொடக்கூடாது. பொறியாளர் குறித்துத் தரும் தூரம் விட்டே தோண்ட வேண்டும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போகக்கூடாது. பள்ளம் பள்ளமாகத் தோண்டாமல் பரவலாக எடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளங்கள் மூன்றும் பயிருக்கு உதவாததோடு, குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் ஆபத்தாக இருந்தன.

வண்டல் எல்லா நிலத்துக்கும் ஏற்றதன்று. மணற்பாங்கான செம்மண்ணில் இட்டால் ஈரம் தாங்கும் தன்மை கூடும். ஏற்கெனவே களி மிகுந்த கரிசலில் இடுவதால் பயன் இல்லை. ஒரு கிலோ வண்டலை மண் ஆய்வு நிலையத்தில் கொடுத்து உப்புத் தன்மையும் கார அமில நிலையும் பார்த்தபின் வண்டி கட்டுங்கள். ஊர்ச் சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் ஏரியின் மண்ணை வயலுக்குக் கொண்டுவரவே வேண்டாம். அங்கே கழிவை நிறுத்துவதே முதல் தீர்மானமாக இருக்கட்டும்.

நம் பக்கத்துக் குறைகள்

உள்ளாட்சியைக் குறை சொல்வது எளிது. நம் பக்கத்தையும் பார்ப்போம். பூச்சிமருந்து அடித்தபின் காலி பாட்டிலை எங்கே போடுகிறோம்? பெரும்பாலும் வாய்க்கால் கரையில். பாட்டிலை மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட வேண்டும். காலி பாட்டில்களைப் பிற குப்பையோடு கலக்காமல் சேர்க்க ஓர் இடம் ஒதுக்கும்படி ஊராட்சியைக் கேட்கலாம். இடம் கொடுப்பது ஊராட்சி, கொண்டுபோய்ப் போடுவது நாம்.

ஆக்கிரமிப்பைப் பற்றியும் ஒரு சொல். ஏரி உள்வாயில் பயிர் வைத்திருப்பவர் பெரும்பாலும் நம் பங்காளியாகவோ மாமன் மைத்துனராகவோ இருப்பார். நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஊர்ச் சண்டையாக அதைத் தொடங்காதீர்கள். முதலில் நில அளவரைக் கொண்டு அளந்து கல் நடச் சொல்லுங்கள். கல் நட்டபின் பேசினால் பேச்சு ஆளைப் பற்றி இராது, எல்லையைப் பற்றி இருக்கும். அறுவடை முடியும்வரை அவகாசம் கொடுங்கள்.

சங்கத்தில் நிலம் உள்ளவர் மட்டும் இருந்தால் போதாது. கடைமடைக்காரர் இருக்க வேண்டும். நீர்க்கட்டி இருக்க வேண்டும். ஆடு மாடு மேய்ப்பவர், மீன்பாசி ஏலம் எடுத்தவர், குடிநீர்க் கிணற்றை நம்பியிருக்கும் பெண்கள், சீமைக்கருவேலத்தைக் கரி சுட்டுப் பிழைப்பவர் எல்லோரையும் கூட்டிப் பேசுங்கள். யாரை விட்டுவிடுகிறோமோ அவரிடமிருந்தே பின்னால் தடை வரும். அத்துடன், சீமைக்கருவேலத்தை எடுத்த இடத்தில் அடுத்த இரண்டு மூன்று மழைக்குப்பின் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். காயைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்தில் விதை மீண்டும் வரும். இந்த வேலைக்கு மேய்ப்பவர்களைவிட நல்ல காவலர் கிடைக்க மாட்டார்.

பெரியோர்களே, நீண்ட நேரம் பேசிவிட்டேன். எங்கள் ஒன்றரை ஏக்கரில் இன்றும் தந்தையார்தான் பயிர் வைக்கிறார். மழை குறைந்த ஆண்டில் இன்றும் கடைமடைக்குக் கடைசியில்தான் தண்ணீர் வருகிறது. ஆனால் எந்த நாளில் வரும் என்பது நோட்டில் எழுதியிருக்கிறது. அந்த நாளை நம்பி அவர் நாற்று விடுகிறார்.

நீங்கள் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். ஏரிக்கு நாங்கள் செய்வது என்ன என்று முதல் வரியில் எழுதுங்கள். ஊராட்சி செய்ய வேண்டியது என்ன என்று இரண்டாம் வரியில் எழுதுங்கள். எந்தக் கிராம சபையில் இருவரும் கணக்குச் சொல்வது என்று மூன்றாம் வரியில் எழுதுங்கள். தலைமடையில் ஒருவரும் கடைமடையில் ஒருவருமாவது அதில் கையெழுத்துப் போடட்டும். அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளோடு போங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.